உயர்நிலைப் பள்ளி ‘ரேங்க்’ பட்டியல்: எவ்வளவு நம்பலாம்?

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதக் கடைசியில் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு முடிவுகள் வெளிவரும். அன்று மாலைக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்து விழும். ‘டாப் 20 செகண்டரி ஸ்கூல்ஸ்’. அதை யார் தயாரித்தார்கள், எதை வைத்து வரிசைப்படுத்தினார்கள் என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. ஆனாலும் அடுத்த சில நாள்களுக்கு வீட்டில் அதே பேச்சுதான். “அந்த ஸ்கூல் எத்தனையாவது?” என்று அத்தை கேட்பார். “இந்த லிஸ்ட்ல இல்லாத ஸ்கூல போடாதீங்க” என்று பெரியப்பா சொல்வார்.

விருப்பப் பள்ளிகளைத் தெரிவிக்கக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு வாரம். அதற்குள் ஆறு பள்ளிகளை வரிசைப்படுத்த வேண்டும். தம்பியோ தங்கையோ அடுத்த நான்கைந்து ஆண்டுகளை எங்கே கழிக்கப் போகிறார் என்பது அந்த வாரத்தில் முடிவாகிவிடும். ஆங்கில இணையப் பக்கங்களைப் படித்து அம்மா அப்பாவுக்கு விளக்கிச் சொல்லும் வேலை பல வீடுகளில் அண்ணன் அக்காவின் தலையில்தான் விழுகிறது. அந்த வேலை உங்களுக்கு வந்தால், அந்தப் பட்டியல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

முதல்ல, இந்தப் பட்டியலை யார் போடுறாங்க?

சிங்கப்பூரில் இப்போது அதிகாரபூர்வப் பள்ளித் தரவரிசை எதுவும் கிடையாது.

ஒரு காலத்தில் இருந்தது. 1992ஆம் ஆண்டு முதல் உயர்நிலைப் பள்ளிகள் சாதாரண நிலைத் தேர்வு முடிவுகளின் அடிப்படையில் வரிசைப்படுத்தப்பட்டன. நாளிதழ்களில் அந்த வரிசை வெளிவரும். முதலிடம், இரண்டாமிடம் என்று பெற்றோர் எண்ணிப் பார்ப்பார்கள். 2004இல் அந்த முறை மாறியது. துல்லியமான இடத்துக்குப் பதிலாக, ஏறக்குறைய ஒரே மாதிரி முடிவுகளைப் பெற்ற பள்ளிகள் ஒரே பிரிவில் வைக்கப்பட்டன. 2012இல் அப்போதைய கல்வி அமைச்சர் ஹெங் சுவீ கியெட் அந்தப் பிரிவு முறையையும் கைவிடுவதாக அறிவித்தார். ‘ஒவ்வொரு பள்ளியும் நல்ல பள்ளி’ என்ற வாசகம் பரவலாகப் பேசப்பட்டது அந்தக் காலகட்டத்தில்தான். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் நாட்டிலேயே முதலில் வந்த மாணவரின் பெயரை வெளியிடுவதையும் அமைச்சு அதே ஆண்டு நிறுத்திக்கொண்டது.

ஆக, இன்று கைப்பேசியில் சுற்றும் பட்டியல்கள் தனியார் இணையத்தளங்களும் துணைப்பாட நிலையங்களும் போடுபவை. அவர்களிடம் எல்லாப் பள்ளிகளின் தேர்வு முடிவுகளும் கிடையாது. கையில் இருக்கும் பொதுத் தகவல் ஒன்றுதான்: ‘கட்-ஆஃப்’ புள்ளி. பெரும்பாலான பட்டியல்கள் அதைத்தான் மேலிருந்து கீழாக அடுக்கி, ‘சிறந்த பள்ளிகள்’ என்று தலைப்புப் போடுகின்றன.

சரி, கட்-ஆஃப் புள்ளின்னா என்ன?

2021 முதல் பழைய ‘டி’ மதிப்பெண் முறை இல்லை. இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை. 90 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் எடுத்தால் 1. 20க்குக் கீழ் என்றால் 8. நான்கு பாடங்களையும் கூட்டினால் மொத்தப் புள்ளி. மிகச் சிறந்த மொத்தப் புள்ளி 4, கடைசி 32. இங்கே எண் குறைந்தால்தான் நல்லது.

ஒரு பள்ளியில் 200 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பித்தவர்களில் புள்ளி நன்றாக உள்ளவர்களுக்கு வரிசையாக இடம் கொடுக்கப்படுகிறது. 200ஆவது இடத்தில் சேர்ந்த மாணவரின் புள்ளி 12 என்றால், அந்த ஆண்டு அந்தப் பள்ளியின் கட்-ஆஃப் புள்ளி 12. அவ்வளவுதான். அந்த எண்ணைப் பள்ளி முதல்வர் நிர்ணயிப்பதில்லை. அமைச்சும் முன்கூட்டியே வைப்பதில்லை. அந்த ஆண்டு யார் யார் விண்ணப்பித்தார்கள் என்பதைப் பொறுத்துத் தானாக அமையும் எண் அது.

சந்தையில் மீன் விலை மாதிரி. வரத்து குறைந்து, வாங்க வருகிறவர்கள் கூடினால் விலை ஏறும். விலை ஏறிவிட்டது என்பதற்காக நேற்றைய மீனைவிட இன்றைய மீன் ருசி என்று ஆகிவிடாது. ஒரு பள்ளிக்கு அருகில் பெருவிரைவு ரயில் நிலையம் வந்தால் அதை விரும்புவோர் கூடலாம். கட்டடம் புதுப்பிக்கப்படுவதால் பள்ளி தற்காலிகமாக வேறு இடத்துக்கு மாறினால் விண்ணப்பம் குறையலாம். ஆசிரியர்கள் அதே ஆசிரியர்கள். கட்-ஆஃப் மட்டும் மாறியிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 4 முதல் 32 வரை மொத்தமே 29 எண்கள்தான். பள்ளிகளோ அதைவிடப் பல மடங்கு. அதனால் பல பள்ளிகள் ஒரே புள்ளியில்தான் நிற்கும். அவற்றை 14ஆம் இடம், 15ஆம் இடம், 16ஆம் இடம் என்று பிரித்து அடுக்குவதற்கு அந்த எண்ணில் ஆதாரமே இல்லை.

உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று

“ஆனா அந்த ஸ்கூல் பிள்ளைங்க நல்லா ரிசல்ட் எடுக்குறாங்களே?”

நியாயமான கேள்வி. இங்கேதான் தரவரிசையின் மிகப் பெரிய குழப்பம் இருக்கிறது. ஒரு பள்ளியின் தேர்வு முடிவில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, பிள்ளைகள் உள்ளே வரும்போதே கொண்டுவந்தது. மற்றொன்று, பள்ளி அவர்களுக்குச் சேர்த்தது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ‘அ’ பள்ளியில் சேரும் மாணவர்களின் சராசரி 80 என்றும், வெளியே வரும்போது அதே அளவுகோலில் 82 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆ’ பள்ளியில் சேரும்போது 60, வெளியே வரும்போது 72. பட்டியல் ‘அ’ பள்ளியைத்தான் மேலே வைக்கும். ஆனால், பிள்ளைகளை அதிகம் உயர்த்தியது ‘ஆ’ பள்ளி. உங்கள் தங்கையின் சராசரி 60ஐ ஒட்டி இருந்தால், வீட்டில் பேச வேண்டியது எந்தப் பள்ளியைப் பற்றி?

இந்த வேறுபாடு கல்வித் துறையில் எல்லாரும் அறிந்த ஒன்று. இங்கிலாந்தில் 1992 முதல் பள்ளி முடிவுகளின் அட்டவணைகள் வெளியாகி வருகின்றன. முடிவுகளை மட்டும் பார்த்தால் போதாது என்ற விமர்சனம் தொடர்ந்ததால், மாணவர் எங்கே தொடங்கினார், எவ்வளவு முன்னேறினார் என்று கணக்கிடும் ‘புரோக்ரஸ் 8’ என்ற அளவீடு 2016இல் அங்கு நடைமுறைக்கு வந்தது. கட்-ஆஃப் புள்ளியோ உள்ளே வரும் புள்ளியை மட்டும்தான் காட்டுகிறது. பள்ளி என்ன சேர்த்தது என்பது அதில் துளிகூட இல்லை.

கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே

ஒரு புள்ளியில் பேர்போன பள்ளியைத் தவறவிட்ட பிள்ளைக்கு உண்மையில் எவ்வளவு நஷ்டம்? இதை அளந்து பார்க்க முயன்ற ஆய்வுகள் இருக்கின்றன.

அமெரிக்காவின் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் நுழைவுத் தேர்வு வைத்து மாணவர்களைச் சேர்க்கும் அரசாங்க உயர்நிலைப் பள்ளிகள் சில உண்டு. அங்கே இடம் கிடைப்பது பெரிய பெருமை. பொருளியலாளர்கள் சிலர் இந்தப் பள்ளிகளை ஆராய்ந்தார்கள். பின்னர் 2021இல் நோபெல் பரிசு பெற்ற ஜோஷுவா ஆங்ரிஸ்ட்டும் அவர்களில் ஒருவர். அவர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு, கோட்டை மயிரிழையில் தாண்டி உள்ளே போனவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டது. இரு தரப்பினரின் திறமையும் ஏறக்குறைய ஒன்றுதான். போன பள்ளிதான் வேறு. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இரு தரப்பினரின் தேர்வு மதிப்பெண்களில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தப் பள்ளிகளின் பளபளப்பான முடிவுகளுக்குப் பெரிய காரணம், அவை தேர்ந்தெடுத்த மாணவர்கள்.

ஆனால் எல்லா நாட்டிலும் இதே முடிவு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ருமேனியாவில் நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. அங்கே கோட்டைத் தாண்டிச் சிறந்த பள்ளிக்குப் போனவர்கள் இறுதித் தேர்வில் ஓரளவு கூடுதலாக எடுத்தார்கள். அதே ஆய்வு வேறு இரண்டையும் கண்டது. தட்டுத்தடுமாறி உள்ளே போன பிள்ளைகள் தங்களைச் சுற்றியிருப்பவர்களைவிடத் தாங்கள் பின்தங்கியவர்கள் என்று உணர்ந்தார்கள், ஒதுக்கப்பட்டதாகவும் நினைத்தார்கள். ‘நல்ல பள்ளியில் சேர்த்தாச்சு’ என்ற நிம்மதியில் சில பெற்றோர் வீட்டில் பிள்ளைக்கு உதவுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தெரிவது இது: பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம் இருக்கலாம். ஆனால் பட்டியலில் ஓரிடம், ஈரிடம் மேலே கீழே என்பதற்காகப் பிள்ளையின் எதிர்காலமே புரண்டுவிடும் என்று பயப்படக் காரணம் இல்லை. அந்தப் பயத்துக்குக் கொடுக்கும் விலைதான் பெரிது. சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாட வகுப்புகளுக்கு 2023இல் ஏறக்குறைய 1.8 பில்லியன் வெள்ளி செலவிட்டதாகக் குடும்பச் செலவின ஆய்வு காட்டியது. ஐந்தாண்டுகளுக்கு முன்பு அது 1.4 பில்லியன் வெள்ளி.

பட்டியல் பள்ளியையே மாத்திடும்

எதை அளக்கிறோமோ அதற்கேற்பப் பள்ளியும் வளைந்துகொடுக்கும். தரவரிசை நடப்பில் இருந்த ஆண்டுகளில் இங்கே நடந்ததே அதற்குச் சாட்சி.

1990களின் தொடக்கத்தில் சாதாரண நிலைத் தேர்வில் ஆங்கில இலக்கியத்தைத் தனிப் பாடமாக எடுத்தவர்கள் ஏராளம். அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. 2013இல் அது நாடாளுமன்றத்திலும் பேசுபொருளானது. பாடத்திட்ட மாற்றங்கள் ஒரு காரணம். இன்னொரு காரணமாகப் பலரும் சுட்டியது தரவரிசையை. இலக்கியத்தில் உயர்ந்த மதிப்பெண் எடுப்பது கடினம் என்ற எண்ணம் இருந்ததால், எளிதாகப் புள்ளி கிடைக்கும் பாடங்களின் பக்கம் மாணவர்கள் திரும்பினார்கள் என்பது அந்த வாதம்.

இதில் பள்ளிகளை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரே ஓர் எண்ணை வைத்து ஊரே மதிப்பிட்டால், யாராக இருந்தாலும் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொள்வார்கள். அந்த எண்ணில் சேராத விஷயங்கள் ஓரங்கட்டப்படும்.

நேத்தைய கணக்கை வச்சு நாளைய முடிவு

தரவரிசையில் காலமும் ஒரு சிக்கல். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெக்கியும் ஹார்வி கோல்ட்ஸ்டீனும் 2009இல் ஒரு கேள்வியை எழுப்பினார்கள். பெற்றோர் பார்க்கும் அட்டவணை, ஏற்கெனவே பள்ளியை விட்டுப் போனவர்களின் முடிவு. இப்போது சேரும் பிள்ளை தேர்வு எழுத இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. அப்போது அந்தப் பள்ளி எப்படி இருக்கும் என்று இன்றைய அட்டவணையால் கணிக்க முடியுமா? அந்த இடைவெளியைக் கணக்கில் எடுத்தால், மிகச் சில பள்ளிகளைத்தான் ஒன்றிலிருந்து ஒன்று உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

சிறிய எண்களின் விளையாட்டும் இதில் உண்டு. 200 பேர் தேர்வு எழுதும் பள்ளியில் ஒரு விழுக்காடு என்பது இரண்டே மாணவர்கள். தேர்வன்று இருவருக்குக் காய்ச்சல் வந்தால்கூட அந்தப் பள்ளி பட்டியலில் சில இடங்கள் இறங்கலாம்.

இங்கே இன்னொரு மாற்றமும் சேர்ந்திருக்கிறது. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை. மாணவர்கள் பாடத்துக்குப் பாடம் தங்கள் திறனுக்கேற்ப ஜி1, ஜி2, ஜி3 நிலைகளில் படிக்கலாம். 2027இல் சாதாரண நிலை, வழக்கநிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக ஒரே உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் வருகிறது. “எங்க காலத்துல அந்த ஸ்கூல் சுமார்தான்” என்று சித்தப்பா சொல்லலாம். அவர் சொல்லும் அந்தக் காலத்து முறையே இப்போது இல்லை.

அப்போ, லிஸ்ட்டைத் தூக்கிப் போட்டுடலாமா?

வேண்டாம். கட்-ஆஃப் புள்ளிக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலைக்கு மட்டும் அதை நம்பலாம்: ‘இந்தப் புள்ளிக்கு இந்தப் பள்ளியில் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டா?’

அதற்குத் தனியார் பட்டியல் தேவையில்லை. கல்வி அமைச்சின் ‘ஸ்கூல்ஃபைண்டர்’ பக்கத்தில் ஒவ்வொரு பள்ளியும் முந்தைய ஆண்டு சேர்த்த மாணவர்களின் புள்ளி வரம்பு இருக்கிறது. அதைப் பார்க்கும்போது இவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்:

• அது போன ஆண்டுக் கணக்கு. இந்த ஆண்டு ஏறி இறங்கலாம். பிள்ளையின் புள்ளி, போன ஆண்டுக் கட்-ஆஃப் இரண்டும் ஒன்றாகவே இருந்தால் இடம் உறுதி என்று நினைக்க வேண்டாம்.

• ஆறு இடங்களையும் ஆசைப்படும் பள்ளிகளால் மட்டும் நிரப்ப வேண்டாம். பிள்ளையின் புள்ளி கட்-ஆஃப் புள்ளியைவிடச் சிறப்பாக உள்ள பள்ளிகள் இரண்டு மூன்றாவது இருக்கட்டும்.

• கடைசி இடத்துக்குப் பலர் ஒரே புள்ளியில் போட்டியிட்டால், முதலில் குடியுரிமை, அடுத்து விருப்ப வரிசை, அதற்கும் பிறகு கணினிக் குலுக்கல். அதனால் ஆறு பள்ளிகளின் வரிசை முக்கியம். உண்மையில் மிகவும் விரும்பும் பள்ளி மேலே இருக்க வேண்டும்.

• சில பள்ளிகளில் இணைப்புத் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்குத் தனிப் புள்ளி வரம்பு உண்டு. எந்த வரம்பைப் பார்க்கிறீர்கள் என்று சரிபாருங்கள்.

பட்டியலில் வராத விஷயங்கள்

எந்தப் பள்ளியில் உங்கள் தம்பி நன்றாக இருப்பான் என்ற கேள்விக்குப் பட்டியலில் பதில் இல்லை. அதற்கு வேறு சிலவற்றைப் பார்க்க வேண்டும்.

பயணம். வீட்டிலிருந்து 20 நிமிடத்தில் ஒரு பள்ளி, ஒரு மணி நேரத்தில் இன்னொரு பள்ளி. போக வர நாளுக்கு 80 நிமிடம் வித்தியாசம். ஆண்டுக்கு 190 பள்ளி நாள்கள் என்று வைத்தால் 250 மணி நேரத்துக்கு மேல். நான்கு ஆண்டுகளில் ஆயிரம் மணி நேரம். தூக்கமும் விளையாட்டும் படிப்பும் அந்த நேரத்திலிருந்துதான் போகும்.

தமிழ். எல்லா உயர்நிலைப் பள்ளிகளிலும் தமிழ் வகுப்பு இருப்பதில்லை. இல்லாத பள்ளியில் சேர்ந்தால், பள்ளி முடிந்த பிறகு உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடத்துக்குப் போய்ப் படிக்க வேண்டியிருக்கலாம். அங்கே கற்பித்தல் சிறப்பாக இருக்கலாம். வேறு பள்ளிகளின் தமிழ்ப் பிள்ளைகளோடு பழகும் வாய்ப்பும் கிடைக்கும். ஆனால் அந்த நாள்களில் இணைப்பாட நடவடிக்கையும் இருந்தால் என்ன செய்வது? உயர்தமிழ் எடுக்க ஆசை இருந்தால் எங்கே படிப்பது? இந்தக் கேள்விகள் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியவை. எந்தப் பொதுப் பட்டியலும் இவற்றைக் கேட்காது. நாம்தான் கேட்க வேண்டும்.

பாடங்களும் பாதையும். பிள்ளைக்கு வடிவமைப்பிலோ இசையிலோ கணினியிலோ ஆர்வமா? அந்தப் பாடம் மேல்வகுப்பில் அங்கே இருக்கிறதா? சாதாரண நிலைத் தேர்வு எழுதாமல் ஆறு ஆண்டுகள் படித்து நேராக மேல்நிலைத் தேர்வுக்குப் போகும் ஒருங்கிணைந்த பாடத்திட்டத்தைச் சில பள்ளிகள் நடத்துகின்றன. பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு அது பொருந்துமா என்று யோசிக்க வேண்டும். இது பெரிய பள்ளியா சின்னப் பள்ளியா என்ற கேள்வியே இல்லை. எந்தப் பாதை என்ற கேள்வி.

தடுமாறும்போது என்ன நடக்கும்? பொது வரவேற்பு நாளில் போகும்போது ஆசிரியர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: “ஒரு பாடத்துல பிள்ளை பின்தங்கினா நீங்க என்ன செய்வீங்க? ஜி2ல படிக்கிற பிள்ளை ஜி3க்குப் போகணும்னா எப்படி?” நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி எல்லாப் பள்ளியும் பேசும். தடுமாறும் பிள்ளையைப் பற்றிப் பேசும்போதுதான் பள்ளியின் குணம் தெரியும்.

மாணவர்களிடமும் பேசுங்கள். அங்கே படிக்கும் பக்கத்து வீட்டு அண்ணனிடமோ அக்காவிடமோ பத்து நிமிடம் பேசினால், பட்டியலில் கிடைக்காத பல விஷயங்கள் கிடைக்கும். ஒருவரோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள்.

கடைசியாக, அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கேளுங்கள். பல வீடுகளில் எல்லாரும் பேசி முடிக்கும்வரை அவரிடம் யாரும் கேட்பதில்லை. காலை எழுந்து அந்தச் சீருடையைப் போட்டுக்கொண்டு போகப்போவது அவர்தான். அவர் சொல்வதையே அப்படியே செய்ய வேண்டும் என்பதில்லை. ஆனால் ஆறு பள்ளிகளில் ஒன்றாவது அவர் சொன்னதாக இருந்தால், அங்கே போய்ச் சேரும்போது அது ‘நம்ம ஸ்கூல்’ ஆகிவிடும்.

அடுத்த முறை குழுவில் பட்டியல் வந்தால், இரண்டே கேள்விகள் போதும்: “இதை யார் போட்டது? எதை வச்சுப் போட்டாங்க?” பதில் ‘கட்-ஆஃப்’ என்றால், இடம் கிடைக்குமா என்று பார்க்க அதைப் பயன்படுத்துங்கள். பள்ளி நல்லதா என்று தெரிந்துகொள்ள நேரில் போய்ப் பாருங்கள்.